நான் எழுதிய நேரம், நீ ஓடிய நேரம்

பாப்பா,

உன்னை ரயிலேற்றிவிட்டு வந்து, சட்டையைக்கூட மாற்றாமல் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். உன் அம்மா இரண்டு முறை வந்து எட்டிப் பார்த்துவிட்டாள். "ஸ்டேஷன்ல வாயே திறக்காம நின்னுட்டு, இப்ப என்ன எழுதறீங்க?" என்கிறாள். அவள் கேட்பது நியாயம்தான். நேரில் பேச வேண்டியதைத் தள்ளிப்போட்டு, தாளில் நான்கு வரி எழுதி, அதையும் மடித்து அலமாரியில் வைத்துவிடுகிறவன் நான். ஆனால் இந்த முறை நேரில் பேசி முடித்த பிறகுதான் எழுதுகிறேன். இன்று காலை அவள் வைத்த நான்கு இட்லியையும் எதையும் யோசிக்காமல் சாப்பிட்டேன். பத்து வருடத்தில் அப்படிச் சாப்பிட்டதாக எனக்கு நினைவில்லை.

இதை உனக்கு மட்டும் எழுதாமல் எல்லோரும் படிக்கும்படி எழுதுவதற்குக் காரணம் உண்டு. நீ டிவியில் ஊரறியச் சொன்ன ஒரு விஷயம் தவறு. அந்தத் தவறு உன்னுடையது அல்ல. ஆகவே அதை ஊரறியத் திருத்த வேண்டியவன் நான். உன்னிடம் அனுமதி கேட்டபோது, "எழுதுங்கப்பா. ஆனா கிளாஸ் எடுக்கற மாதிரி எழுதாதீங்க" என்றாய். முப்பத்தாறு வருடம் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவனிடம் இது கொஞ்சம் அதிகப்படியான கோரிக்கை. முயன்று பார்க்கிறேன்.

மூன்று வாரத்துக்கு முன், ஆசிய நாடுகள் கலந்துகொண்ட அந்தத் தடகளப் போட்டியில் நீ பெண்கள் நூறு மீட்டர் அரையிறுதி ஓடியபோது இங்கே பிற்பகல் நான்கு மணி. செல்போனைத் தண்ணீர் ஜாடியில் சாய்த்துவைத்து நானும் அம்மாவும் பார்த்துக்கொண்டிருந்தோம். மூன்று அரையிறுதிகள், ஒவ்வொன்றிலும் முதல் இரண்டு பேர் இறுதிக்குப் போவார்கள், மீதி இரண்டு இடத்துக்கு நேரத்தைப் பார்த்து எடுப்பார்கள் என்பதை அம்மாவுக்கு மூன்று முறை விளக்கியிருந்தேன். நீ மூன்றாவதாக வந்தாய். மீதி இருந்த இரண்டு இடத்தில் ஒன்றை வேறொரு பெண் எடுத்துக்கொள்ள, கடைசி இடத்துக்கு உனக்கும் இன்னொரு பெண்ணுக்கும் வினாடியில் நூறில் ஒரு பங்கு வரை ஒரே நேரம். திரையில் பெயர் எதுவும் வரவில்லை. "ஒரே நேரம்னா ரெண்டு பேரையும் விட்டுட வேண்டியதுதானே? ஒம்போது பேரா ஓடிட்டுப் போகட்டும்" என்றாள் அம்மா. எட்டுப் பாதைதான் இருக்கிறது என்றேன். "அவ்வளவு பெரிய கிரவுண்டு கட்டத் தெரியுது, இன்னொரு கோடு போடத் தெரியலையாக்கும்" என்றாள்.

எனக்குத் தெரியும், அப்போது அங்கே ஓர் அறையில் முடிவுக் கோட்டின்மேல் எடுத்த படத்தைப் பெரிதாக்கி ஆயிரத்தில் ஒரு பங்கு வரை பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்று. உன் பெயர் வந்தது. அம்மா போட்ட சத்தத்தில் எதிர்வீட்டார் ஓடிவந்தார்கள். நான் குளியலறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டு முகம் கழுவினேன். நீ தேர்வானது சந்தோஷம்தான், ஆனால் நான் உள்ளே போனது வேறொன்றை நினைத்து. அங்கே துப்பாக்கி வெடித்ததும் கடிகாரம் தானாக ஓடத் தொடங்குகிறது. முடிவில் கேமரா இருக்கிறது. நடுவில் எந்த மனிதனுடைய விரலும் இல்லை, அவன் பயமும் இல்லை. உன் நேரத்தை யாரும் உன்னிடமிருந்து எடுத்துவிட முடியாது.

முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தபோது நீ பேட்டி கொடுத்துக்கொண்டிருந்தாய். மூச்சு இன்னும் அடங்கவில்லை. நூலிழையில் தப்பித்தது எப்படி இருக்கிறது என்று கேட்டவரிடம் சிரித்துக்கொண்டே சொன்னாய்: "பதினேழு வயசுல ஒரு மீட்ல கடைசி அடியில பக்கத்துல திரும்பிப் பார்த்துட்டேன் சார். பத்துல ஒரு செகண்ட் போச்சு. கேம்ப்புக்குப் போக முடியல. அன்னையிலேர்ந்து திரும்பிப் பார்க்கறதே கிடையாது. எங்கிட்ட ஓடப் பழக வர்ற பொண்ணுங்ககிட்டயும் அதைத்தான் சொல்வேன்." அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எவ்வளவு தெளிவா பேசறா பாருங்க" என்றாள். நான் செல்போனைக் கவிழ்த்து வைத்தேன். மறுநாள் இறுதிப் போட்டியில் நீ ஏழாவதாக வந்தாய். அது எனக்குப் போதும், உனக்குப் போதாது என்பது தெரியும். அன்றைக்கும் நான் ஓட்டத்தைச் சரியாகப் பார்க்கவில்லை. அந்தப் பேட்டியிலேயே என் மனம் நின்றுவிட்டிருந்தது.

படிக்கிறவர்களுக்காக நடந்ததைச் சொல்கிறேன். நானும் ஸ்ரீரங்கத்து ரங்கராஜன் சாரும் ஒரே பள்ளியில் வேலை பார்த்தோம். அவர் இயற்பியல், நான் கணக்கு. இருவரும் ஓட்டப் போட்டிகளுக்கு நேரம் எடுக்கும் வேலையை முறையாகக் கற்று, பரீட்சை எழுதி, லீவு நாட்களில் மைதானங்களில் போய் உட்காருவோம். முடிவுக் கோட்டுக்கு நேராகப் படிப்படியாக ஒரு மேடை இருக்கும். துப்பாக்கிச் சத்தத்துக்குக் காத்திருக்காமல் புகையைக் கண்டதும் கடிகாரத்தை ஓடவிட வேண்டும். முதலில் வருகிறவருக்கு மூன்று பேர் நேரம் எடுப்போம். ஒருவர் கடிகாரத்தை ஒருவர் பார்க்கக்கூடாது. கடிகாரம் நூறில் ஒரு பங்கு வரை காட்டினாலும், அடுத்த பத்தில் ஒரு பங்குக்கு ஏற்றித்தான் சீட்டில் எழுதிக் கொடுக்க வேண்டும். மூன்று சீட்டில் இரண்டு ஒத்துப்போனால் அதுதான் நேரம். எனக்கு இந்த வேலை மிகவும் பிடித்திருந்தது. யாருடனும் பேச வேண்டாம், கண்ணும் விரலும் சரியாக இருந்தால் போதும்.

உன் பதினேழாம் வயதில் நடந்த அந்தப் போட்டியில், பன்னிரண்டு புள்ளி நான்கு வினாடியிலோ அதற்கும் குறைவாகவோ ஓடுகிறவர்களை மாநிலப் பயிற்சி முகாமுக்கு எடுப்பதாக இருந்தது. அன்று காலை டீக்கு வரிசையில் நிற்கும்போது எனக்குப் பின்னால் ஒருவர், "இன்னைக்கு சார் பொண்ணு ஓடுது, வாட்சும் சார் கையில. அப்புறம் என்ன, பொண்ணு பாஸ்தான்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் அந்தப் பேச்சு சூடான டீயோடு உள்ளே இறங்கி அங்கேயே தங்கிவிட்டது. அப்போதே போய், 'இது என் மகள் ஓடும் ஓட்டம், இதற்கு மட்டும் வேறு யாரையாவது உட்கார வையுங்கள்' என்று கேட்டிருக்கலாம். உடனே மாற்றியிருப்பார்கள். கேட்பதற்குக் கூச்சப்பட்டேன். என் வாழ்க்கையில் நான் செய்த தவறுகளில் பாதி, எழுந்து நின்று ஒரு வாக்கியம் சொல்லக் கூச்சப்பட்டதால் வந்தவை. இந்தக் கடிதத்தில் உனக்குச் சொல்ல எனக்கு உரிமையுள்ள புத்தி ஒன்று உண்டென்றால் அது இதுதான்: உட்காரக்கூடாத இடத்தில் உன்னை உட்கார வைத்தால் எழுந்துவிடு. உட்கார்ந்தபின் நேர்மையாக இருந்துகொள்ளலாம் என்று நம்பாதே.

நீ முதலாவதாக வந்தாய். கடைசி அடியில் உன் முகம் பக்கவாட்டில் திரும்பியதைப் பார்த்தேன். பொத்தானை அழுத்தினேன். பன்னிரண்டு புள்ளி மூன்று ஏழு. பன்னிரண்டு புள்ளி நான்கு என்று எழுத வேண்டும். பென்சிலை எடுத்தேன், அந்தச் சிரிப்பு காதில் விழுந்தது. பன்னிரண்டு புள்ளி ஐந்து என்று எழுதினேன்.

ஏன் எழுதினேன் என்பதைப் பத்து வருடமாக யோசித்திருக்கிறேன். மற்ற இரண்டு பேரும் நான்கு என்றுதான் எழுதுவார்கள், உனக்கு எந்த நஷ்டமும் வராது, என் சீட்டு மட்டும் மகள் என்று பார்க்காத தகப்பனுடைய சீட்டாகத் தெரியும் என்று நினைத்தேன். எந்த விலையும் கொடுக்காமல் நல்ல பெயர் வாங்கப் பார்த்தேன், அவ்வளவுதான். ரங்கராஜன் சார் நான்கு என்று எழுதியிருந்தார். மூன்றாமவர் ஓர் உடற்பயிற்சி ஆசிரியர், நல்ல மனிதர், இப்போது உயிரோடு இல்லை. அவருடைய கடிகாரம் உண்மையிலேயே நான்கைக் கொஞ்சம் தாண்டி நின்றதால் ஐந்து என்று எழுதியிருந்தார். இரண்டு ஐந்து, ஒரு நான்கு. உன் நேரம் பன்னிரண்டு புள்ளி ஐந்து என்று அறிவித்தார்கள்.

உன் பயிற்சியாளர் அங்கேயே உன்னைத் திட்டினார். "பக்கத்துல யாரு வர்றான்னு பார்த்தியா? பார்த்தேல்ல? அதுல போச்சு பத்துல ஒண்ணு. போ, போயி வீட்ல உக்காந்து பாரு." நீ அழாமல் ஷூவைக் கழற்றினாய். அதன் பிறகு எட்டு மாதம் நீ ஓடவே இல்லை. ஷூவைப் பரண்மேல் போட்டுவிட்டு பி.காம் புத்தகங்களை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். பிறகு ஒரு நாள் நீயாகவே ஸ்டூலைப் போட்டு அதை எடுத்தாய். நான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம். 'கெட்டியா பிடிங்கப்பா' என்றாய், பிடித்தேன், சொல்லவில்லை.

மாதா கோயிலில் மட்டும் சொன்னேன். பாவசங்கீர்த்தனத்தில், வருடங்கள் விட்டு விட்டு, மூன்று குருக்களிடம் இதே பாவத்தைச் சொல்லியிருக்கிறேன். முதல் இருவரும் மன்னிப்புக் கொடுத்து ஜெபம் சொல்லச் சொன்னார்கள். மூன்றாமவர் வயதில் மிகவும் இளையவர். முழுவதும் கேட்டுவிட்டு, "ஐயா, இதுக்கு முன்னாடியும் சொல்லியிருக்கீங்களா?" என்றார். இரண்டு முறை என்றேன். "ஆண்டவர் மொதல் தடவையே கேட்டிருப்பாரு. நீங்க இனிமே இதைச் சொல்ல வேண்டியது உங்க பொண்ணுகிட்ட" என்றார். அதற்குப் பிறகும் இரண்டு வருடம் போயிற்று. உன் பேட்டி மட்டும் வராமல் இருந்திருந்தால் இன்னும் போயிருக்கும். என் தவறை நீ உன்மேல் மட்டும் போட்டுக்கொண்டிருந்தால்கூட, அது உன்னோடு போயிற்று என்று இருந்திருப்பேனோ என்னவோ. நான் செய்த தவறை நீ உன் தவறாக்கிப் பாடமாக்கி, அதைச் சின்னப் பெண்களுக்கும் சொல்லிக்கொடுக்கிறாய் என்றபோது பொறுக்கவில்லை.

நீ ஊர் திரும்புவதற்கு இரண்டு நாள் முன், சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் ஏறி ஸ்ரீரங்கம் போனேன். ரங்கராஜன் சாரும் பாதிக்கப்பட்டவர் என்பது அதுவரை எனக்கு உறைக்கவில்லை. அந்தப் போட்டிக்குப் பிறகு அவர் நேரம் எடுக்கப் போவதை நிறுத்திவிட்டார். மற்ற இருவரும் ஐந்து எழுதியபோது தான் மட்டும் நான்கு எழுதியதால், விரல் முந்துகிறது, வயதாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் அதை நம்பியதுபோல் தலையாட்டிக்கொண்டிருந்தேன். உத்தர வீதியில் அவர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, ஒரு டம்ளர் காபி ஆறிப்போகும் வரை எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்போ நான் எழுதினதுதான் சரியா?" என்றார்.

"நீங்க எழுதினதுதான் சரி சார்."

"பத்து வருஷம் ஓய். பத்து வருஷமா என் விரலை நானே நம்பலை. காஸ் அடுப்பை அணைச்சேனான்னு மூணு தரம் பார்த்துண்டிருக்கேன். பஸ்ல பக்கத்துலதானே உக்காந்துண்டு வருவீர், ஒரு நாள் சொல்லியிருக்கப்படாதா?" எழுந்து உள்ளே போனார். கோபித்துக்கொண்டு போய்விட்டார் என்று நினைத்தேன். கைக்குட்டையில் சுற்றிய கடிகாரத்தோடு திரும்பி வந்தார். பேட்டரி தீர்ந்திருந்தது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே, "குழந்தைட்ட சொல்லியாச்சோ?" என்றார்.

"இன்னும் இல்லை."

"பின்னே என்கிட்ட என்ன அவசரம்? ஒத்திகை பார்க்க வந்தீராக்கும்" என்றார். அது உண்மை என்பதால் ஆறிய காபியை எடுத்துக் குடித்தேன். அவர் பெரிதாகச் சிரித்தார். வாசல் வரை வந்து, "போய்ச் சொல்லும். சொல்லாம இந்தப் பக்கம் வராதேயும்" என்று அனுப்பினார்.

உன்னிடம் சொன்ன சாயங்காலம் உனக்கு நினைவிருக்கும். மாலை, மரியாதை எல்லாம் ஓய்ந்து, கொல்லையில் துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்து பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் ஷூவின் ஆணிகளில் இருந்த மண்ணைத் தேய்த்துக்கொண்டிருந்தாய். நான் மனப்பாடம் செய்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோய், நடுவிலிருந்து ஆரம்பித்தேன். நீ தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"வாட்ச்சுல என்ன இருந்துச்சு?" என்றாய்.

"பன்னெண்டு புள்ளி மூணு ஏழு."

"அப்போ நாலு."

"நாலு."

"நீங்க அஞ்சுன்னு எழுதினீங்க."

"மத்த ரெண்டு பேரும் நாலுன்னு எழுதிடுவாங்கன்னு நினைச்சேன் பாப்பா. என்னோடது மட்டும்..."

"உங்களோடது மட்டும் யோக்கியமா தெரியும்" என்று நீ முடித்தாய். பத்து வருடத்தில் நான் கண்டுபிடித்ததை ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டாய். ஷூவைக் கவிழ்த்து வைத்துவிட்டு, ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு காட்டூரில் உன் சித்தி வீட்டுக்குப் போனாய். இரண்டு நாள் வரவில்லை. அம்மாவும் என்னோடு பேசவில்லை. "அவகிட்ட மறைச்சீங்க, சரி. எங்கிட்டயுமா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். அந்த இரண்டு நாளும் பயமாகத்தான் இருந்தது. ஆனால் அது புதுப் பயம். நீ திரும்பி வருவாயா என்ற பயம். சொன்னால் என்ன ஆகுமோ என்ற பழைய பயம் போய்விட்டிருந்தது. அது போன இடத்தில் காற்று வருவதுபோல் இருந்தது என்பதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அப்படித்தான் இருந்தது.

இதைப் படிப்பவர்கள் சிலர் எனக்கு ஆறுதல் சொல்லக்கூடும்: அந்தத் தோல்விதான் அவளைத் திரும்பிப் பார்க்காமல் ஓட வைத்தது, அதனால்தான் அந்த ஆயிரத்தில் ஒரு பங்கு கிடைத்தது என்று. அந்த ஆறுதலை நான் எடுத்துக்கொள்ளப் போவதில்லை. அந்த முகாமுக்குப் போயிருந்தால் நீ எங்கே இருந்திருப்பாய் என்பது யாராலும் போட முடியாத கணக்கு. நான் போட்டுப் பார்த்துவிட்டேன், விடை வரவில்லை.

மூன்றாம் நாள் காலை ஐந்தரைக்கு வாசலில் ஸ்கூட்டிச் சத்தம் கேட்டது. "வாட்சை எடுத்துட்டு வாங்கப்பா. ரங்கராஜன் சாருக்கும் சொல்லிட்டேன்" என்றாய். ஏன் என்று கேட்காமல் பின்னால் ஏறி உட்கார்ந்தேன். மேலப்புதூர் சிக்னலில், வண்டி ஒன்றுமே இல்லாதபோதும் சிவப்பு விளக்குக்கு நின்றாய். அந்தப் பழக்கம் என்னிடமிருந்து வந்தது. திரும்பாமலே சொன்னாய்: "அன்னைக்கு நான் பக்கத்துப் பொண்ணைப் பார்க்கலப்பா."

"பின்னே?"

"உங்களைத்தான் பார்த்தேன். பட்டனை அமுக்கறப்ப நாக்கைக் கடிச்சுப்பீங்க. சின்ன வயசுலேர்ந்து அதைப் பார்த்தாதான் எனக்கு ரேஸ் முடிஞ்ச மாதிரி. கோச் கேட்டப்ப உங்க பேரைச் சொல்ல வேணாம்னு பக்கத்துப் பொண்ணைப் பார்த்தேன்னு சொல்லிட்டேன்."

பச்சை விழுந்தது. நீ வண்டியை எடுத்தாய். முப்பத்தாறு வருடம் பிள்ளைகளின் நோட்டில் தவறைத் தேடியவனுக்கு, தன்னைக் காப்பாற்றுவதற்காக ஒரு பிள்ளை தவறாகச் சொன்னது பத்து வருடமாகத் தெரியாமல் இருந்திருக்கிறது. உன் தோளைப் பிடித்துக்கொண்டேன். மேடு பள்ளத்துக்காகப் பிடித்தேன் என்று நீ நினைத்திருக்கலாம்.

மைதானத்தில் ரங்கராஜன் சார் புது பேட்டரி போட்ட கடிகாரத்தோடு எங்களுக்கு முன்பே வந்து, முடிவுக் கோட்டுக்கு நேரான படியில் உட்கார்ந்திருந்தார். "இடைவெளி விட்டு உக்காரும் ஓய், என் கடிகாரத்தைப் பார்க்கப்படாது" என்றார். உன்னிடம் ஓடப் பழகும் பெண்களில் ஒருத்தி ஓட்டம் தொடங்கும் கோடியில் துப்பாக்கிக்குப் பதில் இரண்டு பலகைகளை உயர்த்திப் பிடித்துத் தட்டினாள். சத்தம் வருமுன் பலகைகள் சேர்வதைப் பார்த்து அழுத்தினேன். நீ வந்தாய். உன்னை இவ்வளவு பக்கத்தில், கோட்டுக்கு நேராக, பத்து வருடம் கழித்து அன்றுதான் பார்க்கிறேன். கடைசி அடியில் உன் முகம் திரும்பியது. எங்கே பார்க்கிறாய் என்று இந்த முறை எனக்குத் தெரிந்திருந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு பொத்தானை அழுத்தினேன்.

கடிகாரத்தைப் பார்த்தேன். விதிப்படி அடுத்த பத்தில் ஒரு பங்குக்கு ஏற்றினேன். அதற்கு மேல் எதையும் ஏற்றவில்லை. எழுதி மடித்துக் கொடுத்தேன். நீ மூச்சு வாங்கிக்கொண்டே இரண்டு சீட்டையும் பிரித்தாய். இரண்டிலும் ஒரே எண். ரங்கராஜன் சார் தன் வலது கட்டைவிரலை ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு, "குழந்தே, கடைசில திரும்பிப் பார்த்துட்டியே. கொஞ்சம் போயிருக்குமே" என்றார். "போகட்டும் சார்" என்றாய்.

அந்த எண்ணை இங்கே எழுதப் போவதில்லை. சீட்டை நீ ரயிலில் எடுத்துக்கொண்டு போயிருக்கிறாய். வேண்டுமானால் உன்னிடம் ஓடப் பழகும் பெண்களுக்குக் காட்டு. அதில் இருப்பது நீ ஓடிய நேரம்.

அப்பா